மறதி நோயிற் சொல்லின் நிலை

தோற்றுவாய்

சொல் பொருளை உணர்த்தும் கருவி என்பது இலக்கண நூலார் அனைவர்க்கும் ஒப்பமுடிந்த கருத்து. ஒரு சொல் இன்ன பொருளை உணர்த்துதற்குரிய காரணம் எளிதிற் புலப்படாது என்பதைத் தொல்காப்பியர் உரியியலிற் குறித்துள்ளார். காரணம் புலப்படாதாயினும், சொல்லும் பொருளும் மாந்தர் உள்ளத்தே இணைந்தே நிற்கின்றன. பொருளை நினைத்த அளவில் அதற்குரிய சொல் நாவில் வந்து நிற்கின்றது. இவ்விணைப்பு நெகிழுமாயின் யாது நிகழும்? நம் இலக்கண நூல்கள் இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்பவேண்டிய தேவையும் அவற்றிற்கு இல்லை. இக்காலத்து மறதி நோய் எனப்படுவது இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது. அந்நோயிற் சொற்கள் எம்முறையில் நீங்குகின்றன, எவை நெடுநாள் எஞ்சுகின்றன, இவற்றை அறிதலால் தமிழாய்வாளர் பெறும் பயன் யாது என்பனவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் மருத்துவர் அல்லேம். இத்துறையில் எம்மைப் புகுத்தியது யாம் செய்த பிழை ஒன்றே. மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்திற்கு அண்மையில் உள்ளது கப்பலூர். இன்று நாற்கரச் சாலையும் தொழிற்பேட்டையும் அவ்வூரின் அடையாளங்களாக விளங்குகின்றன. எனினும் சுற்றியுள்ள நிலம் கண்மாய்ப் பாசனத்தால் வாழ்ந்த நிலமே. கண்மாய்ப் பாசனச் சொற்களைத் தொகுக்கும் நோக்குடன் அப்பகுதிக்குச் சென்றபோது, முன்னாளில் நீர்பாய்ச்சியாக இருந்த முதியவர் ஒருவரை ஊரார் எமக்குக் காட்டினர். எண்பது அகவையைக் கடந்தவர். யாம் கொண்டுசென்ற படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, “ஐயா, இதற்கு என்ன பெயர்?” என்று வினவினோம். கலுங்கின் படத்தைக் கண்டு, “அதுதான் தம்பி, தண்ணி போற இது” என்றார். குமிழியைக் கண்டு, “கல்லு” என்றார். வரத்துக்காலைக் கண்டு, “அதுவும் அதுதான்” என்றார். ஏழு படங்களுள் ஒன்றற்கேனும் உரிய பெயர் கிடைத்திலது. எம் குறிப்பேட்டில் அவர்க்குரிய பக்கத்தில், “தகவலாளர் தகுதியற்றவர்” என எழுதிவிட்டு அடுத்த ஊருக்குச் சென்றோம். அவ்வாறு எழுதியது எத்துணைத் தவறு என்பது பின்னரே விளங்கிற்று. அஃது எவ்வாறு விளங்கிற்று என்பதை உரிய இடத்திற் கூறுவாம்.

நோயும் அதன் பெயரும்

டிமென்ஷியா என மருத்துவ உலகம் வழங்குவதனைத் தமிழில் மறதி நோய் என்கின்றோம். இப்பெயர் எளிமையுடையது, ஆயினும் முழுமையுடையதன்று. நினைவு மட்டுமேயன்றி மொழி, இடமும் காலமும் அறிதல், முடிவு செய்தல், பழகிய தொழிலை முறைப்படி செய்தல் ஆகிய ஆற்றல்கள் பலவும் இதிற் சிறிது சிறிதாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையே தடைப்படுகின்றது. இது தனியொரு நோயின் பெயருமன்று. பல நோய்களால் விளையும் ஒரு நிலையின் பெயர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையின் குருதிக் குழாய்கள் பழுதுறுதலாலும் இந்நிலை தோன்றும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இதனை ஒத்த மறதி வரலாம். அவை பெரும்பாலும் மருத்துவத்தால் திருத்தக்கூடியவை. ஆகலின் மறதி கண்டவுடன் முதுமை என்று வாளாவிருத்தல் தகாது; மருத்துவர்பால் அழைத்துச் செல்லுதலே முறை.

நம் நூல்களிற் பேசப்படும் மறதி வேறு என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். திருக்குறளின் 54-ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமை, மகிழ்ச்சியாற் செருக்கித் தன் கடமையை மறக்கும் சோர்வைக் கடிகின்றது. மடியின்மை என்னும் அதிகாரத்திலும் மறவி கெடுவார்க்குரிய இயல்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. அம்மறதி முயன்றால் விலக்கத்தக்கது. ஆதலின் அதனைக் கடிதல் பொருந்தும். நோயால் வரும் மறதியோ முயற்சிக்கு அடங்காதது. இரண்டனையும் ஒன்றாகக் கருதுவதனாலேயே, “வேண்டுமென்றே மறக்கிறார்”, “கவனம் இல்லை” என்று இல்லத்தார் முதியோரைச் சினக்கும் நிலை உண்டாகின்றது.

மற்றொரு சாரார் இதனை முதுமையின் இயல்பென்றே கொள்வர். கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் இந்நிலையைச் ‘சின்னன்’ என்னும் சொல்லால் மக்கள் குறிப்பதையும், அதனை நோயாகக் கருதாமையையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நம்மூரில், “வயசானா சின்னப் பிள்ளைதான்” என்று கூறும் வழக்கும் அதனோடு ஒப்பது. முதுமையில் ஆட்பெயர் சிறிது நேரம் நினைவுக்கு வாராமை பலர்க்கும் இயல்பே. தொண்டைக்குழியில் நிற்கின்றது என்போம். பின்னர் அது தானே வந்துவிடும். மறதி நோயில் அது தானே வருதல் அருகிக்கொண்டே செல்லும்.

இதன் பரப்பையும் அறிதல் நன்று. செங்கற்பட்டை அடுத்த திருப்போரூர்ப் பகுதியின் சிற்றூர்களில் நடத்திய ஆய்வொன்று 1997-இல் வெளிவந்தது. 60 அகவைக்கு மேற்பட்டாருள் நூற்றுக்கு 3.5 பேரிடத்து இந்நிலை இருந்ததாக அது கண்டது. இந்தியா முழுமைக்கும் மேற்கொள்ளப்பெற்று 2023-இல் வெளிவந்த ஆய்வு, அவ்வகவையினருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள் இந்நிலையினர் என மதிப்பிட்டுள்ளது. ஆடவரினும் மகளிரிடத்தும், நகரங்களினும் சிற்றூர்களிலும் இது மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிபு. வட்டார வழக்குகளையும் நாட்டுப்புற இலக்கியத்தையும் நாடி நாம் செல்வது சிற்றூர் முதியோரிடமே என்பதை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும்.

நினைவின் வகைகள்

நினைவு என்பது ஒரே பொருள் போலத் தோன்றினும் உண்மையில் அது பல்வேறு வகைப்பட்டது. 1972-இல் எண்டல் டல்விங் என்னும் உளநூல் அறிஞர் நிகழ்ச்சி நினைவையும் பொருள் நினைவையும் பிரித்துக் காட்டினார். நேற்று மாலை இன்னாரைக் கண்டேன் என்பது நிகழ்ச்சி நினைவு. கலுங்கு என்பது கண்மாயின் மிகைநீர் வெளிச்செல்லும் வழி என்பது பொருள் நினைவு. இதனை எந்நாள், எவ்விடத்துக் கற்றோம் என்பது நினைவில் இராது. இவ்விரண்டின் வேறாகக் கையும் காலும் நாவும் பழக்கத்தாற் பெற்ற செய்முறை நினைவும் ஒன்று உண்டு. நீந்துதல், முடிச்சிடுதல், மடை அடைத்தல் முதலியன இவ்வகையைச் சாரும்.

அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலிற் பழுதுறுவது நிகழ்ச்சி நினைவு. கடற்குதிரையின் வடிவை ஒத்தமையால் ஹிப்போகாம்பசு எனப் பெயர்பெற்ற மூளைப்பகுதியும் அதனைச் சார்ந்த பகுதியுமே புதிய செய்திகளை நினைவிற் பதிப்பதற்கு இன்றியமையாதன. நோய் அவற்றைத் தொடக்கத்திலேயே தாக்குகின்றது. ஆதலின் இன்று உண்டது மறக்க, இளமையிற் கண்டது நினைவில் நிற்கின்றது. புதியன முன்னும் பழையன பின்னுமாக நினைவு அழியும் என்னும் இவ்வொழுங்கினை ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1881-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நோய், காதருகே அமைந்த பொட்டுமடலிற் பரவும்போது பொருள் நினைவும் குறைகின்றது. அந்நிலையிற் சொல்வளம் சுருங்குகின்றது. செய்முறை நினைவு மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தமையின் நெடுநாள் நிலைபெறுகின்றது.

சொற்கள் நீங்கும் முறை

இனிச் சொற்கள் நீங்கும் முறையை ஆராய்வாம். முதற்கண் நோக்கத்தக்கது ஆட்பெயர். இந்நோய்க்குத் தம் பெயரைத் தந்த அலோயிசு அல்சைமர், 1901-ஆம் ஆண்டு நவம்பரில் செருமனி நாட்டுப் பிராங்க்பர்ட்டு நகர மருத்துவமனையில் அகுஸ்தே என்னும் 51 அகவைப் பெண்மணியை வினவி விடைகளைக் குறித்துவைத்தார். அக்குறிப்பேடு 1997-இல் அச்சில் வெளிவந்தது. நின் பெயர் யாது என்ற வினாவிற்கு அவர் தம் பெயரைச் சரியாகக் கூறினார். குடிப்பெயரை வினவியபோதும், கணவர் பெயரை வினவியபோதும் அவ்வொரு பெயரையே கூறினார். எழுதுகோல், திறவுகோல் முதலிய பொருள்களைக் காட்டியபோது அவற்றின் பெயர்களைப் பிழையின்றிக் கூறினார். ஆயின் பன்றியிறைச்சியை உண்டுகொண்டே தாம் உண்பது கீரை என்றார். கருவிப் பெயர் நின்றது. கணவர் பெயர் மறைந்தது. 1906-இல் அவர் இறந்த பின்னர், அவர் மூளையிற் கண்ட மாறுதல்களை அல்சைமர் அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரிற் கூடிய மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். 1910-இல் கிரேப்பலின் என்னும் அறிஞர் இந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார்.

ஆட்பெயர் நினைவினின்று எளிதில் நழுவுதற்குக் காரணம் யாது? நம் இலக்கண மரபு பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கும். ஒருவர்க்கு இட்ட பெயர், அது பொருளுடைய சொல்லே ஆயினும், அவரைக் குறிக்கும் நிலையில் இடுகுறி போன்றதே. 1987-இல் ஆங்கில நாட்டு உளநூலார் ஒரு சோதனை செய்தனர். முன்பின் அறியாதாரின் முகங்களைக் காட்டி, ஒரே சொல்லைச் சிலர்க்குக் குடிப்பெயராகவும் சிலர்க்குத் தொழிலைக் குறிக்கும் சொல்லாகவும் கற்பித்தனர். தொழிலாகக் கற்ற சொல் நினைவில் நிற்க, பெயராகக் கற்ற அச்சொல்லே நழுவிற்று. கொத்தனார் என்று தொழிலைக் கூறின், சாந்தும் கரண்டியும் சுவரும் உடன் நினைவிற்கு வந்து அச்சொல்லைத் தாங்குகின்றன. ஒருவர்க்கு இட்ட பெயரைத் தாங்குவது அவர் முகம் ஒன்றே. இச்சோதனை நோயற்றாரிடத்து நிகழ்ந்தது. நோயுற்றாரிடத்து இக்குறை பன்மடங்காகின்றது எனக் கொள்ளலாம்.

தமிழ் இல்லங்களில் இக்குறை எளிதில் வெளிப்படுவதில்லை என்பது எம் கருத்து. நாம் ஒருவரை ஒருவர் பெரும்பாலும் முறைப்பெயரால் விளிக்கின்றோம். தம்பி, ஆத்தா, ஐயா என்னும் விளிகள் யாவர்க்கும் பொருந்துவன. கப்பலூர் முதியவரின் மருமகளார் பின்னொரு நாள் எம்மிடம், “எம் பேரைச் சொல்லித்தான் கூப்புடுவாக. ஒரு வருசமா ஆத்தா, ஆத்தான்னே கூப்புடுறாக. மாமாவுக்குப் பாசம் கூடிருச்சுன்னு நெனச்சோம்” என்றார். பெயர் மறைந்த இடத்தை முறைப்பெயர் நிரப்பிற்று, இல்லத்தார் அறியவில்லை.

இரண்டாவதாக நோக்கத்தக்கது, சிறப்புப்பெயர் நீங்கப் பொதுப்பெயர் நிற்றல். நன்னூலார் பொது, சிறப்பு எனப் பெயரைப் பகுப்பர். மரம் என்பது பொது, பனை என்பது சிறப்பு. 1975-இல் எலிசபெத்து வாரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் பொருள் நினைவு மட்டும் பழுதுற்ற நோயாளர் சிலரை ஆராய்ந்து, அவர்கள் ஒரு பொருளின் தனிப்பெயரையும் அதற்குரிய இயல்புகளையும் இழந்த பின்னரும் அஃது எவ்வினத்தைச் சார்ந்தது என்பதை அறிந்திருந்தனர் என்று காட்டினார். பிற்கால ஆய்வுகள் இதனை மேலும் விளக்கின. மைனா என்பது முதலிற் பறவையாகும், பின்னர் விலங்காகும், இறுதியில் ‘அது’ ஆகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை இவ்வுயிர்க்கு இன்னது என வரையறுத்துக் கூறுகின்றது. அத்தகைய நுண்ணிய வேறுபாடுகளே நோயில் முதலில் மங்குவன. கப்பலூர் முதியவர்க்குக் குமிழி கல்லாயிற்று என்பதன் விளக்கம் இதுவே. குமிழியைத் தாங்குவன கற்றூண்களே ஆதலின் அவர் கூறியது பிழையன்று. சிறப்பு நீங்கி நின்ற பொது.

மூன்றாவது, பெயரின் இடத்தைச் சுட்டு நிரப்புதல். அது, இது, அங்கே என்னும் சொற்கள் எப்பொருளையும் குறிக்க வல்லன. நோயுற்றார் பேச்சில் இவை மிகும். பேச்சு தடையின்றி ஓடும். கேட்பார்க்கோ பொருள் விளங்காது. ஆயினும் வேற்றுமை உருபும் திணை பால் முடிபும் பெரும்பாலும் வழுவாது நிற்கும். “தண்ணி போற இது” என்னும் தொடரில் எழுவாயும் பெயரெச்சமும் தத்தம் இடத்தில் முறையாக அமைந்துள்ளன. தலைமைப் பெயர் ஒன்றே இல்லை. அதன் செயலை அவர் அறிந்திருந்தார். பொருள் அவர் உள்ளத்தினின்று முற்றும் நீங்கவில்லை. அப்பொருளினின்று பெயருக்குச் செல்லும் வழியே அடைபட்டிருந்தது.

எழுத்திற் கண்ட சான்று

இலக்கிய ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படும் சான்று ஒன்று இங்கிலாந்தில் உண்டு. ஐரிசு மர்டாக் என்னும் நாவலாசிரியர் அல்சைமர் நோயுற்று 1999-இல் மறைந்தார். அவர்தம் முதல் நாவல் 1954-இலும், புகழ்பெற்ற நாவலொன்று 1978-இலும், இறுதி நாவல் 1995-இலும் வெளிவந்தன. பீட்டர் கேரார்டு முதலியோர் இம்மூன்றன் மொழிநடையையும் கணக்கிட்டு 2005-இல் தம் முடிபை வெளியிட்டனர். இறுதி நாவலில் சொல்வளம் சுருங்கியும், அருகி வழங்கும் சொற்கள் குறைந்து பெருவழக்குச் சொற்கள் மிகுந்தும் காணப்பட்டன. தொடரமைப்போ பெரிதும் மாறவில்லை. அந்நாவலை எழுதிய காலத்து அவர்க்கு நோய் உண்டென எவரும் அறிந்திலர். மருத்துவர் அறியுமுன்னரே அவர்தம் சொல்வளம் அதனைக் காட்டிற்று. கப்பலூரில் எழுதப்படிக்க அறியாத ஒருவரிடத்தும், ஆக்சுபோர்டில் வாழ்ந்த ஓர் எழுத்தாளரிடத்தும் தொடர் நிற்கப் பெயர் குறைதல் காணப்படுகின்றது. ஒருவர் தம் வாழ்நாளில் எழுதியவற்றை முறையாக ஆராயும் பயிற்சி நம் துறையினர்க்குப் புதிதன்று. ஆயினும் முதுமையில் எழுதிய நூலின் எளிய நடை ஒன்றே கொண்டு அதனை நோயென்று துணிதல் கூடாது. எளிமை புலவர் விரும்பி மேற்கொள்வதும் ஆகலாம்.

எஞ்சி நிற்பன

முதலிற் சென்றது ஆடி மாதத்தில், கண்மாய் வறண்டிருந்தது. கார்த்திகையில், நல்ல மழைக்குப் பின்னர், வேறொரு செய்தியின்பொருட்டு அவ்வூருக்கு மீண்டும் சென்றோம். முதியவரின் பேரன் அவரைக் கரைக்கு அழைத்துவந்திருந்தான். நீர் பெருகி வெளியே விழும் ஓசை கேட்டது. எவரும் வினவாமலே அவர், “கலுங்கு மறுகால் பாயுது” என்றார். யாம் திகைத்து நின்றோம். மூன்று திங்களுக்கு முன் படத்தைக் கண்டு கூற இயலாத அப்பெயரை அவர் இப்போது தெளிவாகக் கூறினார். பின்னர் மடையண்டை சென்றதும், அதனைத் திறக்கும் முறையைக் கையாற் காட்டினார். கை அசையுந்தோறும் அதற்குரிய சொல்லும் வந்தது. அன்று அவர்பால் பதினொரு சொற்களைப் பெற்றோம். அவற்றுள் இரண்டனை வேறெவரும் எமக்குக் கூறவில்லை.

இது வியப்பிற்குரியதாயினும் விளக்கத்திற்கு அடங்காததன்று. படம் ஒரு வழியை மட்டுமே திறக்கும். கரையில் ஓசை, மணம், கால்படும் மண், கையின் தொழில் ஆகிய பல வழிகள் ஒருங்கே திறந்தன. மேலும், கலுங்கு என்னும் பெயர் தனித்து வரவில்லை. மறுகால் பாய்தல் என்னும் வினையோடு இணைந்து வந்தது. பன்னாள் ஒருங்கு வழங்கிய தொடர் ஒரே சொற்போல நினைவில் நிற்கும். அதன் ஓர் உறுப்பு எழுந்தால் மற்றையதும் உடன் எழும். வாழ்த்து, வரவேற்பு, பழமொழி முதலியன நோயின் பிற்பட்ட நிலையிலும் வழுவாது வருதற்கு இதுவே காரணம்.

இளமையிற் பாடிப் பழகிய பாடல்களும் அவ்வாறே நிற்கின்றன. நெடுநாள் அறிந்த இசையை நினைவிற் கொள்ளும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயால் மிகக் குறைவாகவே தாக்கப்படுகின்றன எனச் செருமனி நாட்டு இலைப்சிக் நகர ஆய்வாளர் 2015-இல் காட்டினர். தமிழ்ச் செய்யுள் இதற்கு மேலும் இடம் தருகின்றது. பெயர் வாராது தவிப்பார்க்கு அதன் முதலொலியை எடுத்துக்கொடுத்தால் பல வேளைகளில் சொல் வந்துவிடும். பேச்சு மருத்துவர் இம்முறையைக் கையாளுகின்றனர். மோனை செய்வதும் இதுவே அன்றோ? முதற்சீரின் எழுத்து அடுத்து வரும் சீரின் முதலொலியை முன்னரே அறிவிக்கின்றது. எதுகை அடுத்த அடியின் தொடக்கத்தை அறிவிக்கின்றது. அந்தாதியில் ஒரு செய்யுளின் இறுதி மறு செய்யுளின் முதலாகின்றது. ஏடு அரிதாக இருந்த காலத்து நூலை உள்ளத்தில் நிறுத்த அமைந்த இவ்வுறுப்புகள், நினைவு தளர்ந்தார்க்கு இன்று ஊன்றுகோலாகின்றன. ஒருகாற் கேட்டதனோடு அமையாது மீண்டும் மீண்டும் கேட்டல் வேண்டும் என நன்னூற் பாயிரம் மாணாக்கர்க்கு விதித்ததும் இப்பயனைத் தருகின்றது. பயின்று பயின்று பதிந்ததே நெடிது நிற்கும்.

இருமொழிப் பயிற்சியும் ஈண்டுக் கருதத்தக்கது. சுவர்ணா அல்லாடி முதலியோர் ஐதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, அவருள் இருமொழி பேசிய 391 பேர்க்கு ஒரு மொழி மட்டுமே பேசியவரினும் நான்கரை ஆண்டுகள் பிந்தியே நோய் தோன்றியதாகக் கூறுகின்றது. எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டமையின், இது கல்வியால் மட்டும் விளைந்ததன்று என்பது அவர்தம் துணிபு. பிற நாட்டு ஆய்வுகள் எல்லாம் இதனோடு ஒத்துவரவில்லை. எனினும், இல்லத்தில் சௌராட்டிரமோ தெலுங்கோ பேசி வெளியிற் தமிழ் வழங்குவோர் பலர் வாழும் மதுரையில் இத்தகைய ஆய்வு நிகழ்தற்கு நல்ல இடம் உண்டு.

தமிழ்த் துறையினர் கடன்

நோயை அறிதற்கு மருத்துவர் கையாளும் வினாக்கள் பெரும்பாலும் சொல்லைப் பற்றியனவே. பத்துச் சொற்களைக் கூறிச் சிறிது நேரம் கழித்து வினவுவர்; ஒரு மணித்துளியில் விலங்குப் பெயர்களை இயன்றவரை கூறச் சொல்வர்; குறித்த எழுத்திற் தொடங்கும் சொற்களைக் கேட்பர். 1998-இல் தோன்றிய 10/66 என்னும் உலக ஆய்வுக்குழு சென்னையிலும் வேலூர்ப் பகுதியிலும் தன் ஆய்வை நடத்தியது. நோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவரைப் பற்றிய ஆய்வோ பத்து விழுக்காட்டினும் குறைவு என்பதையே அக்குழுவின் பெயர் குறிக்கின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய சோதனைத் தொகுதி பற்றி 2020-இல் வெளிவந்த ஆய்வு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளைத் தழுவியது. தமிழ் அவ்வைந்தனுள் இல்லை.

இவ்வினாக்களைத் தமிழிற் பெயர்த்த மாத்திரத்தில் அவை தமிழ் வினாக்கள் ஆகா. பகரத்திற் தொடங்கும் சொற்களைக் கூறுக என்றால் பழம், பல் என்பன மட்டுமோ? பால், பிடி, பூ என்பனவும் அடங்குமோ? ஆங்கிலத்தில் இச்சிக்கல் இல்லை. நம் யாப்பு நூலார் ப, பா, பை, பௌ என்பனவற்றை மோனைக்கு ஓரினமாகக் கொள்வர். உயிர்மெய் ஒன்றே என்பதும், வருக்கம் முழுதும் என்பதும் வேறு இரு நிலைகள். இம்மூன்றனுள் எதனைக் கொள்வது என்பதை முன்னரே வரையறுத்தாலன்றி இரு மருத்துவர்தம் முடிபுகளை ஒப்பிட இயலாது. அங்ஙனமே, விலங்கு என்னும் சொல்லுள் பறவை அடங்குமா என்பதும் தெளிவாதல் வேண்டும். கணவர் பெயரைக் கூறாத மரபில் வளர்ந்த மூதாட்டியிடம் அப்பெயரை வினவி, விடை வாராமையை மறதி எனக் கொள்ளுதல் பிழை. ஆங்கிலத் திங்களை அறியாதார்க்கு ஆடி, ஆவணி என்பன நன்கு தெரியும். இவை மருத்துவர்தம் குறையல்ல. தமிழறிந்தார் உடனிருந்து திருத்தவேண்டியவை.

களப்பணி மேற்கொள்வார்க்கும் சில நெறிகள் வேண்டும். முதியோரிடம் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதோடு அமைதல் கூடாது. பொருள் உள்ள இடத்திற்கு அழைத்துச் சென்றும், தொழிலைச் செய்யச் சொல்லியும், தொடரின் முற்பகுதியை எடுத்துக்கொடுத்தும் கேட்டல் வேண்டும். அங்ஙனம் எடுத்துக்கொடுத்துப் பெற்ற சொல்லை அவ்வாறே குறித்துக்கொள்ளுதல் நேர்மை. நோயுற்றார் தம் இசைவை முழுதும் உணர்ந்து கூற இயலாமையின் இல்லத்தாரின் இசைவையும் பெறுதல் வேண்டும். அவர் சோர்ந்தால் அன்றே நிறுத்துதல் வேண்டும். தவறாகக் கூறினும் அதனை மறுத்துத் திருத்தி அவரை நாணச்செய்தல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான் பெறப்படுவன இவை: மறதி நோயிற் சொற்கள் ஒருங்கே அழிவதில்லை, ஆட்பெயரும் சிறப்புப்பெயரும் முன்னர் நீங்க, பொதுப்பெயரும் சுட்டும் அவற்றின் இடத்தில் நிற்கும், தொடரின் அமைப்பும், பழகிய கூட்டுச்சொற்களும், பாடலும், கைத்தொழிலோடு இயைந்த சொற்களும் நெடிது எஞ்சும், ஆதலின் ஒருவர் ஒரு சொல்லைக் கூறாமையால் அதன் பொருளை அவர் அறியார் எனத் துணிதல் கூடாது. ஒரு முதியவரிடத்து யாம் கண்டதனை எல்லார்க்கும் பொது என்று கூறவில்லை. இந்நோய் ஆளுக்கு ஆள் வேறுபடும். பிறர் ஆய்வுகளோடு அஃது ஒத்துவருதலைக் காட்டியதே ஈண்டு யாம் செய்தது.

அடுத்த ஆண்டு சித்திரையில் மூன்றாம் முறை சென்றபோது, மருத்துவர் ஆராய்ந்து அல்சைமர் நோய் எனக் கூறியிருந்ததை இல்லத்தார் தெரிவித்தனர். முதியவரைக் கரைக்கு அழைத்துச் சென்றோம். தொடரின் முற்பகுதியை எடுத்துக்கொடுத்தும் சொல் வரவில்லை. ஆயினும் எம்மைக் கண்டதும், “வாங்க தம்பி, சாப்டீங்களா?” என்று வினவியதில் குறையொன்றும் இல்லை. கார்த்திகையில் அவர் கூறிய பதினொரு சொற்களின் ஒலிப்பதிவை அவர்தம் மருமகளாரிடம் ஒப்படைத்தோம். முதல் நாள் குறிப்பேட்டில் எழுதிய “தகவலாளர் தகுதியற்றவர்” என்னும் தொடரை அடித்துவிட்டு, “வினவிய முறை தகுதியற்றது” என எழுதினோம். நம் துறையின் தொகுப்புகளில் இவ்வாறு ஒதுக்கப்பெற்ற முதியோர் இன்னும் எத்துணையரோ? மீண்டும் சென்று கேட்டற்குரிய காலம் சிறிதேயாகலின், மாணாக்கர் இப்பணியைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்வாராக.